கொட்டேஷனுக்கு முன்னாடியா, பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்) வந்த பிறகா? ஃபீசிபிலிட்டி (நம்மால செய்ய முடியுமாங்கற ஆய்வு) எந்தக் கட்டத்துல பார்க்கணும்

பட்டறைக்காரன் எழுதியது:

வணக்கம். டர்னிங், மில்லிங் செய்யற யூனிட். 6 சிஎன்சி, 2 விஎம்சி (செங்குத்து மில்லிங் மெஷின்), ஒரு சிலிண்ட்ரிகல் கிரைண்டர். ஹீட் ட்ரீட்மென்ட் வெளியே போகுது. ஐஎஸ்ஓ 9001 இருக்கு, வாகன சப்ளையர்களுக்கான தர ஸ்டாண்டர்ட் ஐஏடிஎஃப் 16949-க்குத் தயாராகிட்டு இருக்கோம்.

இப்போ நடக்கற முறை இதுதான். என்கொயரி வந்ததும் டிராயிங் பார்த்து, சைக்கிள் டைம் போட்டு, காஸ்டிங் ஷீட் தயார் பண்ணி மெயில்ல அனுப்பிடுவோம். பிஓ கையில வந்த பிறகுதான் ஃபீசிபிலிட்டி ஃபார்ம் எடுத்து நிரப்பி, புரொடக்ஷன், குவாலிட்டி, பர்ச்சேஸ் மூணு பேரும் கையெழுத்துப் போடுவாங்க. இன்டர்னல் ஆடிட்ல கேட்ட கேள்வி: "ஃபார்ம்ல இருக்கற தேதி கொட்டேஷன் தேதிக்கு மூணு வாரம் பின்னாடி இருக்கே, அப்போ எதை வெச்சு விலை கொடுத்தீங்க?"

மார்க்கெட்டிங் தரப்பு சொல்றது வேற. மாசம் 40 என்கொயரி வருது, ஆர்டராகறது 5 அல்லது 6. நாற்பதுக்கும் டீமை உட்கார வெச்சா யார் மெஷினைப் பார்க்கறது? கஸ்டமர் கொடுக்கற டைமும் நாலே நாள்.

ஸ்டாண்டர்ட் உண்மையில எப்போ செய்யச் சொல்லுது? கொட்டேஷனுக்கு முன்னாடின்னா எவ்வளவு ஆழமா? உதாரணத்துக்கு இப்போ மேஜையில இருக்கற ஒரு என்கொயரி: 20எம்என்சிஆர்5 ஸ்டீல் ஷாஃப்ட், நீளம் 180 மிமீ, பேரிங் சீட் விட்டம் 25 எச்6 (டாலரன்ஸ் கிரேடு), ஆர்ஏ (மேற்பரப்புச் சொரசொரப்பு) 0.4, சென்டர்களுக்கு ரன் அவுட் (சுத்தும்போது வர்ற ஆட்டம்) 0.02. கேஸ் ஹார்டன் (மேல்தோலை மட்டும் கடினமாக்கறது) 58–62 எச்ஆர்சி, கிரைண்டிங்குக்குப் பிறகு கேஸ் டெப்த் (அந்தத் தோலோட ஆழம்) 0.8–1.0 மிமீ. ஒரு முனையில எம்12×1.25 த்ரெட். எச்6 விட்டத்துக்கு சிபிகே (பிராசஸ் டாலரன்ஸுக்குள்ள எவ்வளவு நல்லா அடங்குதுன்னு காட்டற எண்) 1.67 கேட்கறாங்க. வருஷத்துக்கு 1,20,000 பீஸ். இதுக்கு நாலு நாள்ல என்னென்ன பார்க்க முடியும்?


தரமேசை எழுதியது:

முதலில் ஸ்டாண்டர்ட். ஐஎஸ்ஓ 9001:2015-இல் 8.2.3.1 சொல்வது: வாடிக்கையாளருக்குச் சப்ளை செய்வதாக வாக்குக் கொடுப்பதற்கு முன்பே ரெவ்யூ நடக்க வேண்டும். 2008 பதிப்பில் 7.2.2-இல் இதற்கு உதாரணமே இருந்தது: டெண்டர் சமர்ப்பித்தல், ஆர்டரை ஏற்றல், ஆர்டர் மாற்றத்தை ஏற்றல். 2015-இல் அந்த உதாரணங்களை எடுத்துவிட்டார்கள், கருத்து மாறவில்லை. கொட்டேஷனில் விலை, அளவு, டெலிவரி மூன்றையும் எழுதி, நிபந்தனை எதுவும் போடாமல் அனுப்பினால் அதுவே வாக்கு. உங்கள் ஆடிட்டர் கேட்டது நியாயம்.

ஐஏடிஎஃப் 16949-இல் 8.2.3.1.3 தனியாக உற்பத்தி ஃபீசிபிலிட்டியைக் கேட்கிறது. அதில் கவனிக்க வேண்டியது மூன்று. பல துறையினர் சேர்ந்து செய்ய வேண்டும். டிராயிங் அளவுகள் மட்டும் போதாது, கெப்பாசிட்டியும் சேர வேண்டும். உங்களுக்குப் புதிதான எந்த உற்பத்தி முறைக்கும், மாற்றப்பட்ட எந்தப் பிராசஸுக்கும் டிசைனுக்கும் செய்ய வேண்டும். "கொட்டேஷனுக்கு முன்" என்ற சொல் அந்தப் பிரிவில் இல்லை. அதைக் காட்டித்தான் பலர் பிஓவுக்குப் பிறகு செய்கிறார்கள். ஆனால் 8.2.3.1.3 என்பது 8.2.3.1-இன் கீழ் வரும் கூடுதல் தேவை. மேலே இருக்கும் "வாக்குக் கொடுப்பதற்கு முன்" என்பது இதற்கும் பொருந்தும்.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான கம்பெனிகள் பயன்படுத்தும் ஃபார்ம், அமெரிக்க வாகனத் துறை அமைப்பான ஏஐஏஜி வெளியிட்ட ஏபிக்யூபி (புதுப் பொருளுக்கான தரத் திட்டமிடல்) கையேட்டின் "டீம் ஃபீசிபிலிட்டி கமிட்மென்ட்". 2008-இல் வந்த 2-ஆம் பதிப்பில் அது இரண்டாம் கட்டத்தின், அதாவது டிசைன் கட்டத்தின், கடைசி வெளியீடாக வரும். அதற்குள் ஆர்டர் கிடைத்து, டிசைன் ஓரளவு முடிந்திருக்கும். அந்த ஃபார்மை அப்படியே எடுத்துவந்தவர்கள் அது இருந்த இடத்தையும் சேர்த்தே எடுத்துவந்துவிட்டார்கள். டிசைன் பொறுப்பு இல்லாத, டிராயிங் வாங்கிச் செய்யும் ஷாப்புக்கு அந்த இடம் பொருந்தாது. நம்மிடம் வரும்போதே டிசைன் முடிந்துவிட்டது. நாம் பேசக்கூடிய ஒரே நேரம் கொட்டேஷன் நேரம்தான். ஆர்டர் வந்த பிறகு "இந்த டாலரன்ஸைக் கொஞ்சம் தளர்த்துங்கள்" என்றால், "கோட் பண்ணும்போது ஏன் சொல்லவில்லை" என்பதுதான் பதிலாக வரும்.

ஒரே ஃபார்ம், ஒரே தேதி என்று வைத்துக்கொள்ளாதீர்கள். என்கொயரி வந்த அன்று ஒரு வடிகட்டல். விலை போகும் முன் உண்மையான ஆய்வு. பிஓ வந்ததும் கொட்டேஷனோடு ஒப்பீடு. இந்த மூன்றில் நடுவில் இருப்பதைத்தான் உங்கள் முறை விட்டுவிட்டது.

நாற்பது என்கொயரிக்கு ஆள் இல்லை என்ற வாதத்துக்கு என் பதில்: நாற்பதும் ஒரே ஆழம் கேட்காது. ஏற்கெனவே ஓடும் பார்ட் குடும்பத்தைச் சேர்ந்தது, அதே மெட்டீரியல், அதே மெஷின், டாலரன்ஸ் அதே அல்லது தளர்வு என்றால் ஒரே ஆள், 15 நிமிடம். எந்தப் பார்ட் நம்பரை ஆதாரமாக எடுத்தோம், அதன் இப்போதைய சிபிகே, ரிஜெக்ஷன் எவ்வளவு என்று இரண்டு வரி எழுதினால் போதும். ஒன்றிரண்டு அம்சம் மட்டும் புதிது என்றால் மூன்று பேர், ஒன்றரை மணி நேரம். புது மெட்டீரியல், புது ஸ்பெஷல் பிராசஸ், முதலீடு தேவை என்றால் முழு டீம், அரை நாளுக்கு மேல். நாற்பதில் 25, 12, 3 என்று பிரிந்தால் மொத்தம் மாதத்துக்கு ஏறக்குறைய 40 மணி நேரம் வருகிறது. இது கூடி உட்காரும் நேரம்; ஆள் கணக்கில் பெருக்கினால் இதைவிட அதிகம், ஆனால் அது பல பேருக்குப் பகிர்ந்து போகிறது.

எதை எந்த வகையில் போடுவது என்பதை மார்க்கெட்டிங் முடிவு செய்யக்கூடாது. டிராயிங் படிக்கத் தெரிந்த ஒரு பிராசஸ் இன்ஜினியர் அன்றன்றே பார்த்துப் பிரிக்க வேண்டும். உங்கள் ஷாஃப்ட் சந்தேகமே இல்லாமல் மூன்றாவது வகை.


கிரைண்டிங் கோவை எழுதியது:

தரமேசை சொன்னதோட உடன்படறேன். அந்த ஷாஃப்டையே எடுத்துக் கணக்குப் போடலாம். ஃபார்ம்ல "ஆம், ஆம், ஆம்"னு டிக் அடிக்கறதுக்கும் ஃபீசிபிலிட்டிக்கும் என்ன வித்தியாசம்னு அப்போ தெரியும்.

முதல்ல 25 எச்6. டாலரன்ஸ் 13 மைக்ரான், பூஜ்ஜியத்துக்கும் மைனஸ் 0.013-க்கும் நடுவுல. சிபிகே 1.67 வேணும்னா பிராசஸ் நட்டநடுவுல நின்னாக்கூட சிக்மா (அளவுகளோட சிதறல்) 1.3 மைக்ரானுக்குள்ள இருக்கணும். அதாவது ஆறு சிக்மா பரவல் 7.8 மைக்ரான். வீல் தேய்மானம், டிரெஸ்ஸிங்குக்கு முன் பின் வித்தியாசம், காலையில மெஷின் சூடாகற வரைக்கும் வர்ற நகர்வு எல்லாமே இந்த 7.8-க்குள்ள அடங்கணும். உங்க கிரைண்டர்ல இப்போ ஓடற ஏதாவது ஒரு எச்6 அல்லது எச்7 வேலையை எடுத்து, தொடர்ச்சியா 50 பீஸ் அளந்து சிக்மா பாருங்க. ரெண்டு மணி நேர வேலை. 1.3-க்குள்ள வந்தா மேல போகலாம். 2 வந்துச்சுன்னா சிபி (நட்டநடுவுல நின்னா கிடைக்கக்கூடிய சிபிகே) 1.08 தான். இன்-பிராசஸ் கேஜ் (அரைக்கும்போதே அளக்கறது) இல்லாம முடியாது, அந்தச் செலவு கொட்டேஷன்ல வரணும்.

அடுத்தது எதை வெச்சு அளப்பீங்கங்கறது. எம்எஸ்ஏ (அளவீட்டு முறை ஆய்வு) கணக்குல கேஜ் ஆர்&ஆர் (கருவியாலயும் ஆபரேட்டராலயும் வர்ற அளவீட்டுச் சிதறல்) 10%-க்குள்ள இருந்தாத்தான் கேள்வி இல்லாம ஏத்துக்குவாங்க. 13 மைக்ரான்ல 10% வெறும் 1.3 மைக்ரான். 1 மைக்ரான் டிஜிட்டல் மைக்ரோமீட்டர் ரெசல்யூஷன் விதியை (டாலரன்ஸ்ல பத்துல ஒரு பங்குக்குள்ள இருக்கணும்) மயிரிழையில தாண்டும், ஆர்&ஆர்ல நிக்காது. ரெண்டு ஆபரேட்டர் கை அழுத்தமே அதைத் தின்னுடும். ஏர் ரிங் கேஜ் வேணும், இல்லேன்னா எலக்ட்ரானிக் புரோப் வெச்ச பெஞ்ச் கம்பேரேட்டர், கூடவே செட்டிங் மாஸ்டர். வெப்பத்தையும் மறக்காதீங்க. 25 மிமீ ஸ்டீல் ஒரு டிகிரிக்கு 0.29 மைக்ரான் விரியும். கூலன்ட்ல இருந்து எடுத்த பீஸ் மாஸ்டரை விட 10 டிகிரி சூடா இருந்தா கிட்டத்தட்ட 3 மைக்ரான் பொய் ரீடிங். டாலரன்ஸ்ல அஞ்சுல ஒரு பங்கு போச்சு.

இந்த என்கொயரில உண்மையான சிக்கல் விட்டம் இல்லைங்க, கேஸ் டெப்த்தான். பெரும்பாலானவங்க இதை ஹீட் ட்ரீட்மென்ட்காரர் பாடுன்னு விட்டுடுவாங்க. கணக்கைப் பாருங்க. கிரைண்டிங் அலவன்ஸ் விட்டத்துல 0.30, பக்கத்துக்கு 0.15. ஃபைனல்ல 0.8–1.0 வேணும்னா ஹீட் ட்ரீட்மென்ட்ல இருந்து 0.95–1.15 வாங்கினா சரின்னு தோணும். பீஸ் நேரா இருந்தா சரி. ஆனா 180 நீள ஷாஃப்ட் கார்பரைஸ் ஆகி (மேல்தோல்ல கார்பன் ஏறி), ஆயில்ல குவெஞ்ச் ஆகி (சட்டுனு குளிர்ந்து) வரும்போது வளையும். டயல்ல ரன் அவுட் 0.15 காட்டுதுன்னு வெச்சுக்கோங்க. மையம் 0.075 விலகியிருக்கு. கிரைண்ட் பண்ணும்போது ஒரு பக்கம் 0.225 போகும், எதிர்ப்பக்கம் 0.075 தான் போகும். ஒரு பக்கம் கேஸ் மெலிஞ்சுடும், இன்னொரு பக்கம் தடிச்சு நிக்கும். ரெண்டு பக்கமும் 0.8–1.0-க்குள்ள வரணும்னா ஹீட் ட்ரீட்மென்ட்காரர் 1.025-க்கும் 1.075-க்கும் நடுவுல கொடுக்கணும். வெறும் 0.05 ஜன்னல். எந்த ஃபர்னஸும் லாட்டுக்கு லாட் அதைக் கொடுக்காது.

இதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, கிரைண்டிங்குக்கு முன்னாடி ஸ்ட்ரெய்ட்டனிங் போட்டு ரன் அவுட்டை 0.05-க்குக் கொண்டுவர்றது. அப்போ ஜன்னல் 0.975–1.125, அதாவது 0.15 ஆகும். அதையும் நல்லா கண்ட்ரோல் இருக்கற ஹீட் ட்ரீட்மென்ட் சோர்ஸ்தான் பிடிக்கும். ஆனா 58 எச்ஆர்சிக்கு மேல இருக்கற மேல்தோலை அழுத்தி நேராக்கினா கிராக் வர வாய்ப்பு உண்டு, அதனால நேராக்கின ஒவ்வொரு பீஸுக்கும் மேக்னடிக் கிராக் செக். ஆக ரெண்டு ஆபரேஷன் கூடுது. இன்னொண்ணு, கஸ்டமர் கிட்ட கேஸ் டெப்த்தை 0.8–1.2 ஆக்கித் தரச் சொல்லிக் கேட்கறது. பேரிங் சீட்டுக்கு மேல்வரம்பு 1.2 ஆனா பெரும்பாலும் அவங்களுக்கு ஆட்சேபம் இருக்காது. கேட்டாத்தானே தெரியும். இந்தக் கேள்வியை முதல் நாளே மெயில்ல போடணும்.

டெப்த்தை எந்த ஹார்ட்னெஸ்ல அளக்கறதுன்னும் கேளுங்க. 550 எச்வி (விக்கர்ஸ் கடினத்தன்மை) வரைக்கும் அளக்கற எஃபெக்டிவ் டெப்த்தா, மொத்த டெப்த்தா? டிராயிங்ல வெறும் "கேஸ் டெப்த்"னு இருந்தா ரெண்டுக்கும் கணிசமான வித்தியாசம் வரும்.

அப்புறம் அந்த எம்12×1.25. த்ரெட் ஆழம் 0.77 மிமீ தான். 0.8 கேஸ் அதுமேல ஏறினா த்ரெட் பல்லு முழுக்கக் கண்ணாடி மாதிரி ஆகிடும், நட்டை டார்க் பண்ணும்போது உடையும். டிராயிங்ல "கேஸ் ஹார்டன்"னு மட்டும் போட்டு த்ரெட்டைப் பத்திப் பேசாம விட்டிருந்தா அது நிச்சயமா கேள்வி. வழிகள்: த்ரெட்டுக்குக் கார்பன் தடுக்கற பேஸ்ட் பூசறது. அல்லது அந்த இடத்துல ஸ்டாக் விட்டுக் கார்பரைஸ் பண்ணி, மெதுவா ஆறவிட்டு, கேஸைக் கடைஞ்சு எடுத்து, பிறகு ஹார்டன் பண்றது. அல்லது கடைசியில த்ரெட்டை மட்டும் இண்டக்ஷன்ல டெம்பர் பண்றது. பேஸ்ட்டுக்குப் பீஸுக்குப் பீஸ் கைவேலை. ரெண்டாவதுக்கு ஹீட் ட்ரீட்மென்ட் ரெண்டு தடவை. எந்த வழின்னு முடிவாகாம விலை போடறது கண்ணைக் கட்டிக்கிட்டு நடக்கறது மாதிரி.

சென்டர் ஹோல் இருக்கலாமான்னும் டிராயிங்ல பாருங்க. ரன் அவுட் 0.02-க்கு ஹீட் ட்ரீட்மென்ட்டுக்குப் பிறகு சென்டரைச் சுத்தம் பண்ணி லேப் பண்ணியாகணும். ஸ்கேல் ஒட்டின சென்டர்ல பிடிச்சா வட்டமே வராது. இதுவும் தனி ஆபரேஷன்.

கடைசியா கெப்பாசிட்டி. 1,20,000-ஐப் பன்னெண்டால வகுத்தா மாசம் 10,000. 25 நாள், ரெண்டு ஷிஃப்ட், ஷிஃப்டுக்கு நிகர 7 மணி நேரம்னா 350 மணி, அதாவது 21,000 நிமிஷம். ஓஇஇ (மெஷின் நேரத்துல உருப்படியா பயன்படற பங்கு) 75%-ல கையில இருக்கறது 15,750 நிமிஷம். கிரைண்டிங் சைக்கிள் லோடிங்கோட சேர்த்து 95 விநாடின்னு வெச்சா தேவை 15,833 நிமிஷம். இந்த ஒரு பார்ட்டே உங்க ஒரே கிரைண்டரை முழுசா விழுங்கிடும். இப்போ அதுல ஓடற மத்த வேலை எங்க போகும்? ரிஜெக்ஷன் 3% போட்டாலே 16,300 தாண்டுது. கஸ்டமர் மாசத் தேவையை 15% ஏத்திக் கேட்டா மூணாவது ஷிஃப்ட். ஆக ரெண்டாவது கிரைண்டர் இல்லாம இந்த வால்யூமுக்கு "ஃபீசிபிள்"னு எழுதவே கூடாது. மெஷின் ஆர்டர் போட்டு, வந்து, நிறுத்தி, கேபபிலிட்டி எடுக்கற காலத்தைக் கொட்டேஷன்ல டெலிவரி நேரமா காட்டணும்.

மெட்டீரியல் கணக்கும் அதே ஷீட்ல போடுங்க. 28 ராடு, கட்டிங் சேர்த்து 185 மிமீன்னா பீஸுக்கு 0.894 கிலோ, மாசம் கிட்டத்தட்ட 9 டன். சாம்பிளுக்கு டீலர் கிட்ட வாங்கிடலாம். சீரியலுக்குக் கஸ்டமர் அங்கீகரிச்ச மில் எதுன்னு பர்ச்சேஸ் இப்பவே கேட்கணும். டீலர் ரேட்டை வெச்சுக் கோட் பண்ணிட்டு, பிறகு குறிப்பிட்ட மில்தான்னு வந்தா மினிமம் லாட், லீட் டைம் எல்லாம் மாறும்.

நாலு நாள்ல இது எல்லாம் முடியுமான்னு கேட்டீங்க. முடியும். மேல இருக்கற கணக்கு முழுக்க ஒரு முற்பகல் வேலை. நாள் பிடிக்கறது ஹீட் ட்ரீட்மென்ட்காரர் பதிலும் கஸ்டமர் பதிலும்தான். அதனால கேள்விகளை முதல் நாளே அனுப்பிடுங்க, கணக்கை அப்புறம் போடுங்க.


வார்ப்படம் எழுதியது:

பவுண்டரி பக்கத்திலிருந்து ஒரு மாற்றுக்கருத்து. மெஷினிங்கில் கொட்டேஷனுக்கு முன்பே 90% பார்த்துவிடலாம். காஸ்டிங்கில் அது நடக்காது. கேட்டிங் (உலோகம் பாயும் வழி), ரைசர் (சுருங்கும்போது உலோகம் ஊட்டும் தேக்கம்), சாலிடிஃபிகேஷன் (உறைதல்) சிமுலேஷன் எல்லாவற்றையும் ஒவ்வொரு என்கொயரிக்கும் ஓட்ட முடியாது. அது நாமினேஷன் லெட்டர் (கஸ்டமர் நம்மைத் தேர்ந்தெடுத்த கடிதம்) வந்த பிறகுதான். ஆனால் அதற்காக முன்னாடி எதுவும் பார்க்கத் தேவையில்லை என்றும் சொல்ல மாட்டேன். விலையைத் தலைகீழாக்கக் கூடியது எது என்று மட்டும் பார்க்க வேண்டும்.

அதில் முதலாவது ஈல்டு, அதாவது ஊற்றிய உலோகத்தில் காஸ்டிங்காக மாறும் பங்கு. 3.2 கிலோ எஸ்ஜி அயர்ன் (டக்டைல் வார்ப்பிரும்பு) பிராக்கெட், ஒரு மோல்டு பாக்ஸில் நாலு என்றால் காஸ்டிங் 12.8 கிலோ. ஈல்டு 60% என்று போட்டால் ஊற்றுவது 21.3 கிலோ. தடித்த பாஸ் ஒன்று மெல்லிய சுவருக்கு அந்தப் பக்கம் தனியாக நிற்கிறது, அதற்குத் தனி ரைசர் வேண்டும் என்று டிராயிங்கைப் பார்த்தாலே தெரியும். அப்போது ஈல்டு 50%, ஊற்றுவது 25.6 கிலோ. உருக்கும் செலவு 20% கூடிவிட்டது. கிலோ ரேட்டில் கோட் செய்பவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள்.

அடுத்து சுவர்த் தடிமன். 4 மிமீ சுவர் எஸ்ஜி 500/7-இல் வேகமாக ஆறி கடினமான கார்பைடு உருவாகும். பவுண்டரியில் ஓகே ஆகி, மெஷின் ஷாப்பில் டிரில் உடையும்போதுதான் வெளியே வரும். இன்னாகுலேஷனை (கார்பைடைத் தடுக்க உருகிய இரும்பில் சேர்ப்பது) கூட்டலாம், அல்லது அனீலிங் போட வேண்டும். அனீல் செய்தால் கிரேடு மாறலாம், ஏனென்றால் பலம் தரும் பெர்லைட் குறையும், ஸ்ட்ரெங்த் இறங்கும். கஸ்டமரிடம் சுவரை 5 அல்லது 6 ஆக்கலாமா என்று கேட்பதுதான் மலிவான வழி. அதைக் கேட்கக்கூடிய நேரம் பேட்டர்ன் வெட்டுவதற்கு முன்.

டிராயிங் நோட்டில் "போராசிட்டி இல்லாமல்" என்று ஒரே வரி இருந்தால் அதை ஏற்றுக் கையெழுத்துப் போடாதீர்கள். போராசிட்டியே, அதாவது உள்ளே நுண்துளையே, இல்லாத காஸ்டிங் கிடையாது. எந்தப் பகுதியில், எந்த எக்ஸ்ரே லெவல் வரை, மெஷின் செய்த பரப்பில் எத்தனை மிமீ வரை அனுமதி என்று கேட்டு வாங்க வேண்டும். லீக் டெஸ்ட் இருந்தால் அழுத்தம், நேரம், அனுமதிக்கும் கசிவு மூன்றும் வேண்டும். அழுத்தத்தை மட்டும் கொடுத்துவிட்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுவது வழக்கம்.

இன்னொன்று மெஷின் ஷாப்பும் பவுண்டரியும் சேர்ந்தே பார்க்க வேண்டியது: முதல் ஆபரேஷன் லொகேட்டர் (பீஸை நிறுத்தும் முனை) எங்கே தொடுகிறது, பார்ட்டிங் லைன் (மோல்டின் இரு பாதிகள் சேரும் கோடு) எங்கே போகிறது. இரண்டும் ஒரே இடத்தில் விழுந்தால் ஃபெட்லிங்கில் (வார்த்தபின் சுத்தம் செய்வதில்) மிச்சமான அரை மில்லி ஃபிளாஷ் (பிதுங்கிய விளிம்பு) மேல் பீஸ் உட்காரும், ஒவ்வொரு பீஸும் வேறு வேறு இடத்தில் துளை வாங்கும். மெஷினிங் யூனிட் தனியாகவும் பவுண்டரி தனியாகவும் ஃபீசிபிலிட்டி கையெழுத்துப் போட்டால் இரண்டிலும் "ஃபீசிபிள்" என்றுதான் இருக்கும். காஸ்டிங் வாங்கி மெஷின் செய்து கொடுக்கும் பார்ட் என்றால், ஒரே டிராயிங் பிரிண்டை நடுவில் வைத்து இருவரும் அரை மணி நேரம் உட்காருங்கள். அந்த அரை மணி நேரத்தை எதைக் காரணம் காட்டியும் விட்டுவிடக்கூடாது.


காஸ்டிங்ஷீட் எழுதியது:

பட்டறைக்காரன் சார், உங்க மார்க்கெட்டிங் ஆட்கள் பயப்படறது "முடியாது"ன்னு சொன்னா என்கொயரி போயிடும்னுதான். ஃபார்ம்ல மூணு பதில் இருக்கறதே அதுக்காகத்தான்: அப்படியே செய்யலாம், சில மாற்றம் பரிந்துரைக்கறோம், டிசைன் மாறாம முடியாது. நடுவுல இருக்கற பதிலைத்தான் யாரும் பயன்படுத்தறதில்லை. எனக்குத் தெரிஞ்சு நல்ல கொட்டேஷன்ல பாதிக்கு மேல நடு பதில்தான் வரணும்.

அதைக் கொட்டேஷன்ல எப்படி எழுதறதுன்னு சொல்றேன். விலைப் பக்கத்தோட "அனுமானங்களும் விலகல்களும்"னு ஒரு தாள். உங்க ஷாஃப்டுக்கு இப்படி வரும்:

"விலை டிராயிங் எண், ரிவிஷன் இன்னதை அடிப்படையாகக் கொண்டது. கேஸ் டெப்த் 0.8–1.2 எஃபெக்டிவ், 550 எச்வி என்று எடுத்துக்கொண்டோம். 0.8–1.0 கட்டாயம் என்றால் ஸ்ட்ரெய்ட்டனிங், 100% கிராக் செக் சேர்த்து மாற்று விலை இணைப்பில். த்ரெட் பகுதி மென்மையாக இருக்கும். சென்டர் ஹோல்கள் பார்ட்டில் தங்கும். மாதம் 10,000 வரையிலான கெப்பாசிட்டி புது கிரைண்டர் நிறுவிய பிறகு. கேஜ், ஃபிக்சர் விலை தனி வரி. ஸ்டீல் அடிப்படை விலை இன்ன மாத ரேட். விலை 60 நாள் செல்லும்."

இப்படி இரண்டு விலை கொடுத்தீங்கன்னா வாங்கறவர் தன் டிசைன் இன்ஜினியர் கிட்ட போய் "0.2 தளர்த்தினா இவ்வளவு குறையுது"ன்னு காட்ட முடியும். வெறும் விலையைவிட இந்தத் தாள்தான் அவங்களுக்கு மதிப்பு. கண்ணை மூடிக் குறைச்சலா கோட் பண்ணவங்களோட சேர்த்து நம்மளை ஒப்பிடாம இருக்கவும் அதுதான் வழி.

நேரம் போதலைன்னா "பட்ஜெட்டரி விலை, ஆர்டர் போடுவதற்கு அல்ல, ஃபீசிபிலிட்டி முடிந்த பின் உறுதி செய்யப்படும்"னு தெளிவா எழுதி அனுப்பலாம். ஆனா அந்த வரி மெயில்ல மட்டும் இருந்து, பிடிஎஃப்ல இல்லாம போனா பிரயோஜனம் இல்லை. வாங்கறவர் பிடிஎஃப்பைத்தான் சிஸ்டத்துல ஏத்துவார். போர்ட்டல்ல விலையை நேரா அடிக்கச் சொன்னா, அங்கே ரிமார்க் கட்டத்துல போடுங்க, அட்டாச்மென்டும் ஏத்துங்க.

வடிகட்டல்லயே விழ வேண்டியது விழட்டும். நீளம் மெஷின்ல அடங்காது, மெட்டீரியல் வெட்டவே டூல் இல்லை, இல்லாத ஸ்பெஷல் பிராசஸ் கேட்கறாங்கன்னா அன்னிக்கே ரிக்ரெட் மெயில் ("கோட் பண்ண முடியாது"ன்னு பதில்). ஒரு வாரம் வெச்சிருந்து ரிக்ரெட் போடறதைவிட அதே நாள்ல போட்டா அடுத்த என்கொயரி கண்டிப்பா வரும்.


பட்டறைக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கேஸ் டெப்த் கணக்கு கண்ணைத் திறந்துடுச்சு, நாங்க 0.95–1.15-ன்னுதான் எழுதி வெச்சிருந்தோம். ரெண்டு சந்தேகம். கொட்டேஷனுக்கு முன்னாடி செஞ்சுட்டா பிஓ வந்தப்போ மறுபடி ஃபார்ம் தேவையா? யார் யார் கையெழுத்துப் போடணும், ஹீட் ட்ரீட்மென்ட்காரர் கையெழுத்தும் வேணுமா?


தரமேசை எழுதியது:

பிஓ வந்ததும் முழு ஃபார்மைத் திரும்ப நிரப்பத் தேவையில்லை, ஒப்பிட வேண்டும். டிராயிங் ரிவிஷன் கொட்டேஷனில் இருந்ததேதானா என்பது முதல் கேள்வி. பி ரிவிஷனுக்குக் கோட் செய்து, சி ரிவிஷனோடு பிஓ வருவது மிகச் சாதாரணம். சில நேரம் மாறியது ஒரு நோட் மட்டும், சில நேரம் எச்7 எச்6 ஆகியிருக்கும். பிறகு வருட அளவு, முதல் சப்ளை தேதி, பேக்கிங், நீங்கள் எழுதிய விலகல்களை அவர்கள் எழுத்தில் ஏற்றிருக்கிறார்களா. கடைசியாக, பிஓவின் பின்பக்க நிபந்தனைகள்: பிபிஎம் வரம்பு (பத்து லட்சம் பீஸில் எத்தனை ரிஜெக்ட்), லைன் நின்றால் அபராதம், வாரன்டி. ஒன்று மாறியிருந்தாலும் அந்தப் பகுதியை மட்டும் மறு ஆய்வு செய்து, தேதி போட்டு, ஆர்டர் ஏற்பு அனுப்பும் முன் முடிக்க வேண்டும். எந்த மாற்றமும் இல்லை என்றால் "கொட்டேஷன் எண் இன்னதோடு ஒப்பிட்டேன், மாற்றம் இல்லை" என்ற ஒரு வரி, கையெழுத்து, தேதி. ரெவ்யூவின் முடிவைப் பதிவாக வைத்திருக்க 8.2.3.2 கேட்பதை இது நிறைவு செய்யும்.

ஆர்டருக்குப் பிறகு வரும் உறுதிப்படுத்தல் வேறு. பார்ட்டுக்குக் கஸ்டமர் அங்கீகாரம் வாங்கும் முறையான பிபிஏபியின் 4-ஆம் பதிப்பில், கஸ்டமர் வேறு சொல்லாத வரை, 1 முதல் 8 மணி நேர உற்பத்தியில் தொடர்ச்சியாகக் குறைந்தது 300 பீஸ் என்று இருக்கிறது. அந்த ரன்னில் எடுக்கும் சிபிகே, சைக்கிள் டைம் இரண்டையும் கொட்டேஷனில் எழுதிய எண்களுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். 95 விநாடி என்று கோட் செய்து 112 வந்தால், அடுத்த ஷாஃப்ட் என்கொயரியில் 15 நிமிட வகைக்குள் தப்பான எண் போகாது.

கையெழுத்து: பிராசஸ் இன்ஜினியர், குவாலிட்டி, புரொடக்ஷன் பிளானிங், பர்ச்சேஸ் இந்த நால்வர் போதும். முதலீடு தேவைப்பட்டால் முதலாளியும். ஒவ்வொருவரும் தன் பகுதியின் எண்ணுக்கு எதிரே போட வேண்டும், மொத்தமாக அடியில் அல்ல. ஹீட் ட்ரீட்மென்ட்காரரின் கையெழுத்து உங்கள் ஃபார்மில் வேண்டாம். ஆனால் அவரிடமிருந்து கேஸ் டெப்த் வரம்பு, எதிர்பார்க்கும் வளைவு, லாட் அளவு, வாரத்துக்கு எத்தனை லாட் எடுப்பார் என்ற நான்கும் எழுத்தில் வேண்டும். போனில் "பண்ணிடலாம் சார்" என்று சொன்னதை ஃபார்மில் "சரி" என்று ஏற்றாதீர்கள்.


கிரைண்டிங் கோவை எழுதியது:

அதோட ஒண்ணு. ஹீட் ட்ரீட்மென்ட்காரர் கிட்ட கேட்கும்போது பீஸை ஃபர்னஸ்ல நிக்க வெச்சுத் தொங்கவிடுவாரா, கூடையில படுக்க வெச்சு அடுக்குவாரான்னு கேளுங்க. படுக்க வெச்சா ஷாஃப்ட் அதிகமா வளையும். தொங்கவிட ஃபிக்சர் வேணும், லாட்டுக்கு பீஸும் குறையும், ரேட்டும் மாறும். நான் மேல போட்ட 0.15 ரன் அவுட் வெறும் அனுமானம்தான். ஒரே மாதிரி நீளமுள்ள பழைய ஷாஃப்ட் லாட்ல 20 பீஸை வி-பிளாக்ல வெச்சு டயல் பார்த்தா உங்க உண்மையான எண் கிடைக்கும், அதைப் போட்டு மறுபடி ஜன்னலைக் கணக்குப் போடுங்க.